பத்திரமும் அனுபோகமும்

பாலஸ்தீன நிலச் சிக்கலைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் 1948இலோ 1967இலோ தொடங்குகின்றன. நான் 1858க்குப் போக விரும்புகிறேன். அந்த ஆண்டு ஒட்டோமான் அரசு கொண்டுவந்த நிலச் சட்டம் நிலத்தை ஆள்பெயரில் பதியச் சொன்னது. அதுவரை பல கிராமங்களில் ‘முஷா’ என்ற கூட்டுப் பாத்தியதை இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பங்கள் பங்குகளை மாற்றிக்கொள்ளும். பெயர் ஏறினால் வரி வரும், பிள்ளைகளைப் பட்டாளத்துக்குப் பிடித்துப்போவார்கள் என்று அஞ்சிய உழவர்கள் ஒதுங்கினார்கள். பத்திரம் நகரத்துப் பெரிய குடும்பங்களின் பெயருக்குப் போனது. உழுதவருக்கு அனுபோகம் மட்டுமே மிஞ்சியது.

மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியில் பெய்ரூத்தின் சுர்சோக் குடும்பம் பெரும்பரப்பை வாங்கி வைத்திருந்தது. 1910இல் அங்கிருந்த அல்-ஃபூலா கிராமத்து நிலம் சியோனிய அமைப்புக்கு விலைபோனது. நாசரேத்தின் ஒட்டோமான் அதிகாரி ஷுக்ரி அல்-அஸலி பத்திரத்தைக் கைமாற்ற மறுத்தார், பத்திரிகைகளிலும் எழுதினார். ஆனாலும் கிரயத்தைத் தடுக்க முடியவில்லை. குடியானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், 1911இல் அங்கே மெர்ஹாவியா குடியிருப்பு எழுந்தது. ரஷீத் காலிதி 1997இல் வெளியிட்ட பாலஸ்தீன அடையாளம் பற்றிய நூலில் இந்த நிகழ்ச்சியை விரிவாக எழுதுகிறார். அரபு எதிர்ப்பு நகரத்துப் படித்தவர்களிடம் மட்டும் பிறந்ததல்ல, வரப்பில் நடந்த இந்த வெளியேற்றத்திலிருந்தும் கிளம்பியது என்பதற்கு இது ஒரு சான்று.

வாங்கியவர்களின் கதையும் துயரக் கதைதான். 1881க்குப் பின் ரஷ்யப் பேரரசில் நடந்த படுகொலைகளுக்குத் தப்பி வந்தவர்கள் அவர்களில் பலர். காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆனால் யூத தேசிய நிதியம் வாங்கிய நிலத்தைத் திரும்ப விற்பதில்லை என்பதும், யூத உழைப்பே அங்கே வேண்டும் என்பதும் கொள்கையானபோது, அரபுக் குத்தகைக்காரர் அதே மண்ணில் கூலியாகக்கூட நிற்க வழியில்லாமல் போயிற்று. கெர்ஷோன் ஷாஃபிர் 1989இல் எழுதிய நூல் இந்தக் கணுவைத்தான் தொடுகிறது.

கென்னத் ஸ்டெய்னின் 1984 நூல் சங்கடமானது, தவிர்க்க முடியாததும்கூட. மேடையில் நில விற்பனையை எதிர்த்த பாலஸ்தீனப் பிரமுகர்கள் சிலர் மறைவில் விற்றதை அது ஆவணங்களோடு காட்டுகிறது. ஆயினும் விற்றவர், வாங்கியவர் இருவரின் பெயரும் இருக்கும் பதிவேட்டில் உழுதவரின் பெயர் இல்லை. பதிவேட்டையே நம்பும் ஆய்வில் அவர் எப்படி வருவார்?

அரபு எதிர்ப்புக்கு இன்னொரு முகமும் உண்டு: 1929இல் ஹெப்ரோனில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் நிலக் கிரயத்தோடு தொடர்பில்லாத, நெடுங்காலமாக அங்கே வாழ்ந்த சமூகம் அது. இதை விட்டுவிட்டு எழுதும் வரலாறு எனக்கு ஏற்புடையதல்ல.

1947 வரை யூதர்கள் விலைக்கு வாங்கிச் சேர்த்தது மொத்த நிலத்தில் ஏறத்தாழ 7 சதவீதமே. மீதிக் கதையைக் கிரயப் பத்திரங்கள் சொல்லாது, 1948 போர் சொல்லும். ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். பென்னி மோரிஸ் இஸ்ரேலிய ஆவணக் காப்பகங்களைப் புரட்டி அவர்கள் எப்படி வெளியேற நேர்ந்தது என்று ஊர் ஊராக எழுதினார். 1950இல் வந்த ‘இல்லாதோர் சொத்துச் சட்டம்’ விட்டுச்சென்ற நிலத்தை அரசுக் காப்பாளரிடம் சேர்த்தது. நாட்டுக்குள்ளேயே இருந்தும் சொந்த ஊருக்குத் திரும்ப முடியாதவர்களையும் அது ‘இல்லாதோர்’ ஆக்கியது.

வலீத் காலிதியின் குழு 1992இல் வெளியிட்ட பெருநூல் அந்தப் போரில் ஆளற்றுப்போன 418 கிராமங்களைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொன்றின் கீழும் இப்போது அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்று நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இடிந்த சுவர், மூடிய கிணறு, அத்திமரம். பல பக்கங்களில் மறுபடி மறுபடி வருவது சப்பாத்திக்கள்ளி. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் எல்லையாக நட்ட வேலி அது. வீடு போய்விட்டது, வேலி, நட்ட வரிசையிலேயே நிற்கிறது.