வீட்டுக்கு வந்த பாக்

அஞ்சலி செலுத்துகிறவர், தாம் போற்றும் மேதையின் மொழியை அப்படியே ஒப்பிக்க வேண்டுமா? அன்றித் தம் மொழியில் அவரோடு பேச வேண்டுமா? 1986இல் வெளிவந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ என்னும் இசைத்தொகுப்பு இக்கேள்வியை எழுப்புகின்றது. திரையிசையன்று இது, தியாகராசருக்கும் யோகான் செபஸ்தியான் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட கருவியிசை. முதன்மை வயலின் வி. எஸ். நரசிம்மன்.

மேலைநாட்டிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. 1970இல் மறைந்த ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் பாடல்களை 1974இல் கில் எவன்ஸ் தம் ஜாஸ் இசைக்குழுவுக்கு மாற்றியமைத்தார். ஆயினும் அவ்விருவரும் ஒரே காலத்தவர், ஒரே நாட்டில் வாழ்ந்தவர்கள். பண்ணைப்புரத்துக்காரருக்கும் பாக்குக்கும் இடையே கடல்களும் இருநூறாண்டுகளும் கிடக்கின்றன.

தொகுப்பின் உயிர் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. தனி வயலினுக்காகப் பாக் இயற்றிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பிசையை எடுத்து, அதனோடு நம் கமகம் தோய்ந்த இன்னொரு குரலை இளையராஜா இழைக்கிறார். துணிச்சலான செயல். நம் இராகத்துக்கு ஆதார சுருதி அசையாதது. பாக்கின் இசையோ சுருதிவிட்டுச் சுருதி உலாவி, இறுதியில் தன் வீடு திரும்புவது. அசைவதும் அசையாததும் எப்படி ஒரு திண்ணையில் அமரும்? பெரும்பாலும் அமர்கின்றன என்பதே வியப்பு. எனினும் ஒரு குறை: அந்த ஒற்றை வயலினுக்குள்ளேயே பாக் பல குரல்களை ஒளித்து வைத்திருக்கிறார். மேலும் ஒரு குரல் சேரும்போது சிற்சில இடங்களில் நெரிசல் தெரிகின்றது. ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’வில் உறவு தலைகீழாகின்றது, அங்கே தியாகராசர் விருந்தினர். ‘டோன்ட் கம்பேர்’ என்றும் ஓர் உருப்படிக்குப் பெயர். விமர்சகனை முன்கூட்டியே தடுத்துவிட்டார் போலும்!

நம் அரியலூர்ப் பகுதிக்கு இது புதிதன்று. பாக்குக்கு ஐந்தாண்டு மூத்தவரான வீரமாமுனிவர், இத்தாலியில் பிறந்தும், ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையைத் தமிழ்க் கலம்பகத்திலேயே பாடினார். சூசையப்பரை ‘வளன்’ ஆக்கினார். கொள்ளிடத்துக்குத் தெற்கே திருவையாற்றில் தியாகராசர் பாடியதோ பின்னர்தான்.

வழிபாட்டில் மக்களின் இசைமரபுக்கு உரிய இடம் தருமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கேட்டது. பெரம்பலூர் முதல் ஏலாக்குறிச்சி வரை நாம் செய்ததென்ன? திரைமெட்டுக்குச் சொல் மாற்றினோம். மின்விசைப்பலகையில் பதிந்துவைத்த தாளத்தைத் தட்டிவிட்டோம். இதற்குப் பண்பாட்டுமயமாக்கல் என்று பெயரும் சூட்டினோம். இதில் விருந்தினர் யார், வீட்டார் யார்?

பாடகர் குழுவினர் இத்தொகுப்பை ஒரு மாலை சேர்ந்திருந்து கேட்கலாம். பாக்கின் மூல முகப்பிசையை முதலில் கேளுங்கள். இளையராஜா எந்த இடத்தில் கதவைத் திறக்கிறார் என்பது அப்போதுதான் காதுக்குப் பிடிபடும்.