பந்தை விட்டுக் கடைசி ஆளைப் பாருங்கள்

துபாய் குசைஸிலோ, குவைத் மிஷ்ரிஃபிலோ, ஜித்தாவிலோ ஃபிளட்லைட் வெளிச்சத்தில் நம் ஆட்கள் ஆடும் மேட்ச் இருக்கிறது, வா என்று ரூம்மேட் கூப்பிட்டால் தயங்காமல் கிளம்புங்கள். பிரீமியர் லீக் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் பத்து நிமிடம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பாஸ் தவறும். பந்து காலில் நிற்காது. எழுந்து போய்விடாதீர்கள். இந்த ஆட்டத்தின் கணக்கு பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும். பிடிபட்டபின் வார விடுமுறைக்கு வேறு வேலை தேடமாட்டீர்கள்.

வளைகுடாவில் இந்தியர்களின் அமெச்சூர் கால்பந்தைக் கட்டி வளர்த்ததில் பெரும்பங்கு மலையாளிகளுடையது. அமீரகத்தில் கெஃபா, குவைத்தில் கெஃபாக், ஜித்தாவில் சிஃப், தம்மாமில் டிஃபா, ரியாத்தில் ரிஃபா என்று ஊருக்கு ஒரு சங்கம். ஒவ்வொன்றின் கீழும் பல கிளப்புகள். குவைத் கெஃபாக்கின் பட்டியலைப் பார்த்தாலே இந்தக் கிளப்புகள் எப்படிப் பிறந்தன என்று விளங்கிவிடும். மலப்புரம் பிரதர்ஸ் என்று ஒன்று. அது ஊர்ப்பாசத்தில் சேர்ந்தது. ஃபஹாஹீல் பிரதர்ஸ், சி.எஃப்.சி. சால்மியா, யங் ஷூட்டர்ஸ் அப்பாசியா என்று வேறு சில. இவை குடியிருக்கும் பகுதியின் பெயரைத் தாங்கியவை. சம்பளம் கிடையாது. ஜெர்சிக்கும் மைதான வாடகைக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டோ, கிளினிக்கோ, கார்கோ கம்பெனியோ பணம் தரும். அதனால் கிளப்பின் பெயருக்கு முன்னால் சில சமயம் அந்தக் கடையின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கேலி செய்யாதீர்கள். அந்தப் பணம் இல்லையென்றால் அந்த விளக்கு எரியாது.

தமிழர்கள் இதில் விருந்தாளிகள் அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைக் கடற்கரை முழுக்கக் கால்பந்து மண். சென்னை சிட்டிக்கும் பிறகு ஐ.எஸ்.எல்.லில் ஜாம்ஷெட்பூருக்கும் ஏடிகேவுக்கும் ஆடிய மைக்கேல் சூசைராஜ் அந்த இரவிபுத்தன்துறைக்காரர். காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மௌலானா ஆசாத் கோப்பை அகில இந்தியப் போட்டியைப் பல பத்தாண்டுகளாக நடத்துகிறது. அதிராம்பட்டினத்திலும் கோடை வந்தால் போட்டிகள் களைகட்டும். இந்த ஊர்களிலிருந்தெல்லாம் வளைகுடாவுக்குப் பிழைக்க வந்தவர்கள் ஏராளம். மலையாளி கிளப்பின் சட்டையில் ஒரு தூத்தூர்ப் பையன் இடது விங்கில் ஓடிக்கொண்டிருந்தால் வியக்க வேண்டாம்.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் எத்தனை பேர் ஆட்டம் என்று கேளுங்கள். எழுவர், ஒன்பதின்மர், பதினொருவர் என மூன்றும் உண்டு. விதிகள் போட்டிக்குப் போட்டி மாறும். என் விருப்பம் செவன்ஸ் என்கிற எழுவர் ஆட்டம்தான். மலப்புரத்தின் அறுவடை முடிந்த வயல்களில், கமுகு மரத்தால் கட்டிய கேலரிகளுக்கு நடுவே வளர்ந்து கடல் தாண்டி வந்த ஆட்டம் அது. பெரும்பாலான செவன்ஸ் போட்டிகளில் ஆஃப்சைடு கிடையாது. இந்த ஒரே ஒரு விதி இல்லாததால் மைதானத்தின் வடிவமே மாறிப்போகிறது. எதிரணி ஃபார்வர்ட் உங்கள் கீப்பருக்கு நாலடி தள்ளி வந்து சும்மா நிற்கலாம். கொடி தூக்க யாரும் இல்லை. அவனை விட்டுவிட்டு, உங்கள் அணியின் கடைசித் தடுப்பாளரான ஸ்டாப்பர் முன்னேறினால் ஒரு நீளமான பந்தில் கோல் விழும். அவனோடே ஒட்டிக்கொண்டு நின்றால் நடுக்களத்தில் ஓர் ஆள் குறையும்.

ஆகவே பந்து எங்கே இருந்தாலும் இரண்டு நிமிடம் அதை மறந்துவிட்டு அந்தக் கடைசி ஆளை மட்டும் பாருங்கள். பந்து அந்தப் பக்கத்துக் கார்னரில் கிடக்கும். இவர் இங்கே தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். ஒரு கையை விரித்துப் பின்னால் நிற்பவன் இருக்கிறானா என்று தடவிக்கொள்வார். இரண்டு எட்டு முன்னே வைப்பார், ஒன்றரை எட்டுப் பின்வாங்குவார். அணி தாக்கும்போது எந்தக் கணத்தில் அவர் துணிந்து நடுக்கோட்டைத் தாண்டுகிறார் என்பதில்தான் செவன்ஸின் உயிர் இருக்கிறது. நல்ல ஸ்டாப்பர் ஆட்டம் முழுக்க மூன்று நான்கு தடவைக்கு மேல் அதைச் செய்யமாட்டார்.

அடுத்து கீப்பர். மைதானம் சிறியது என்பதால் அவர் கையிலிருந்து கிளம்பும் பந்து நேராக எதிரணியின் கோல் வாசலுக்கே போய்விடும். பந்தைப் பிடிப்பதற்கு முன்பே அவர் பார்வை எங்கே போகிறது என்று கவனியுங்கள். பிடித்த பிறகு ஆள் தேடுபவர் சாதாரண கீப்பர். தேடி வைத்துவிட்டுப் பிடிப்பவர், பாதி கோலை அப்போதே போட்டுவிட்டார்.

மூன்றாவது களைப்பு. வளைகுடாவின் இந்த ஆட்டத்தை மற்ற எல்லாக் கால்பந்திலிருந்தும் பிரிப்பது இதுதான். களத்தில் இருப்பவர் ஒருவேளை காலையில் ஐந்து மணிக்குக் கேம்ப் பஸ் ஏறியவர். இன்னொருவர் கஃபட்டேரியாவில் பத்து மணி நேரம் நின்றவர், மற்றவர் டெலிவரி பைக்கிலிருந்து இறங்கி நேரே பூட்ஸ் மாட்டியவர். கால் ஓயும்போது முதலில் நிற்பது வாய். சத்தம் போட்டு ஆட்களை நகர்த்திக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியானால் அவர் பக்கம்தான் அடுத்த தாக்குதல் வரும். நல்ல மேனேஜருக்கு இது தெரியும். மாற்று ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம் என்ற விதி உள்ள போட்டிகளில், கோட்டோரம் நிற்கும் மேனேஜர் ஆளை எடுப்பதும் விடுவதும் தனிக் கலை. மூன்று நிமிடம் இளைப்பாறக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, மறுபடி அனுப்பிய ஆளே கோல் போடுவதை அடிக்கடி பார்க்கலாம்.

புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது, மாஸ்டர்ஸ் லீக்கிலிருந்து தொடங்குங்கள் என்று. கெஃபாக் போன்ற சங்கங்கள் 35 வயதைத் தாண்டியவர்களுக்கென்று தனி லீக் நடத்துகின்றன. வேகம் குறைவு. அதனாலேயே யார் எங்கே நிற்கிறார், ஏன் நிற்கிறார் என்பது தெளிவாகத் தெரியும். ஊரில் மாவட்ட அணிக்கு ஆடிவிட்டு, குடும்பத்துக்காக விசா எடுத்து வந்தவர்களின் முதல் தொடுதலைப் பாருங்கள். வயிறு முன்னால் வந்திருக்கலாம். பந்து இன்னும் சொன்னபடி கேட்கும்.

இறுதிப் போட்டிகளில் ஊரிலிருந்து விமானம் ஏறி வந்த கெஸ்ட் ஆட்டக்காரர்களைக் காணலாம், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபி ஆடியவர்கள்கூட வருவார்கள். கூட்டம் அவர்களுக்காகவே திரளும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. சீசன் முழுக்க ஆடி அணியைக் கரைசேர்த்த பையன் அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். கெஸ்ட் ஒருவர் இருவர் என்றால் ஆட்டம் உயரும், பாதி அணியே அவர்கள் என்றால் அந்தக் கிளப்புக்கென்று சொல்ல என்ன மிச்சம்? சந்தோஷ் டிராஃபியே ஒருமுறை இங்கே வந்தது. 2023 மார்ச்சில் அரையிறுதிகளும் இறுதியும் ரியாத்தின் கிங் ஃபஹத் ஸ்டேடியத்தில் நடந்தன. கர்நாடகம் 3-2 என மேகாலயாவை வென்றது. இந்தியாவுக்கு வெளியே அந்த ஆட்டங்கள் நடந்தது அதுவே முதல் தடவை.

போவதற்குச் சரியான காலம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. கோடையில் இரவு பத்து மணிக்கும் ஈரப்பதம் ஆளை அமுக்கும். செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் துகள் பகல் சூட்டை விடாமல் வைத்திருக்கும். ரமலானில் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு தொடங்கி நள்ளிரவு தாண்டியும் போட்டிகள் நடக்கும். அமீரகத்தில் 2022 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு. அதனால் சனி இரவுதான் அங்கே உச்சம். குவைத்திலும் சவுதியிலும் இன்னமும் வெள்ளிதான் உச்சம்.

கோட்டோரம் நடுவில் இடம் பிடிக்காமல் ஒரு கோல்கம்பத்துக்குப் பின்னால் நில்லுங்கள். கீப்பரும் ஸ்டாப்பரும் பேசிக்கொள்வது அங்கேதான் கேட்கும், மலையாளமும் தமிழும் இந்தியும் கலந்து. அடுத்த வாரம் எந்த மைதானம், எத்தனை மணி என்று ஆட்டம் முடிந்ததும் அங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணை பெரும்பாலும் வாட்ஸாப் குழுவில்தான் வரும். உங்களையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.