இயந்திர நாயும் திணைப் பாகுபாடும்: 'என் இனிய இயந்திரா' – ஒரு மொழியியல் நோக்கு

சுஜாதா (1935–2008) 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா' தமிழ் அறிவியல் புனைகதைகளுள் பரவலாக வாசிக்கப்பட்டதாகும். ஆசிரியர் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். ஆதலின் நாவலின் அறிவியலே பெரிதும் பேசப்படுகிறது. அதன் நகைச்சுவை ஜீனோ என்னும் இயந்திர நாயின் குறும்புப் பேச்சு என்ற அளவில் விடப்படுகிறது. அந்நகை தமிழின் திணைப் பாகுபாட்டில் வேர்கொண்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நிலா, சிபி, ரவி, மனோ என நாவலின் முதன்மை மாந்தர் பெயர்கள் இரண்டெழுத்தின. ஜீனோவின் பெயரும் அத்தகையதே. எனவே பெயர் மக்களையும் இயந்திரத்தையும் வேறுபடுத்துவதில்லை, வினைமுற்றே வேறுபடுத்துகிறது.

நிரலுக்குக் கட்டுப்பட்ட ஜீனோ நூல்களைப் படித்துத் தானே சிந்திக்கத் தொடங்குகிறது. 'நான்' என்று பேசுகிறது. 'படித்தேன்' என்னும் தன்மை வினைமுற்றில் திணை வெளிப்படுவதில்லை. தொல்காப்பியர் தன்மை வினையை உயர்திணையுள் அடக்கினார். நன்னூலார் அதனை இருதிணைக்கும் பொதுவாக்கினார். எவ்வாறாயினும் பேசும்பொழுது ஜீனோ மனிதர்க்கு நிகராகிறது. பேச்சு முடிந்ததும் கதைசொல்லி 'என்றது' என முடிக்கிறார். ஜீனோ மீண்டும் அஃறிணையாகிறது. இந்த ஏற்ற இறக்கமே நகையைத் தோற்றுவிக்கிறது.

ஆட்சித் தலைவர் ஜீவாவின் நிலை இதற்கு நேர்மாறானது. மக்கள் போற்றும் அத்தலைவர் ஒரு பிம்பமே என்பது பின்னர் வெளிப்படுகிறது. இல்லாதவருக்கு உயர்திணை, சிந்தித்து உதவும் ஜீனோவுக்கு அஃறிணை. இவ்விடத்தில் நகை அதிகாரம் பற்றிய விமர்சனமாகவும் மாறுகிறது.

இந்நகையைப் பிறமொழியில் பெயர்ப்பது எளிதன்று. ஐதராபாத்தில் வழங்கும் தெலுங்கை நோக்கின் இது புலனாகும். தெலுங்கில் ஒருமையில் ஆண்பால் மட்டும் தனி விகுதி பெறும். பெண்பாலும் அஃறிணையும் ஒரே விகுதி பெறும். 'வச்சாடு' என்பது 'வந்தான்'. 'வச்சிந்தி' என்பதோ 'வந்தாள்', 'வந்தது' ஆகிய இரண்டுமாம். மரியாதைப் பன்மை வாராத இடங்களில் நாயகி நிலாவும் ஜீனோவும் ஒரே வினைமுற்றைப் பெறுவர். 'என்றது' தரும் இறக்கம் அங்கு மறையும். மொழிபெயர்ப்பாளர் விளி, சொற்றேர்வு முதலிய பிற வழிகளை நாட வேண்டியிருக்கும். தெலுங்கிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் கணினி நிரலும் 'வச்சிந்தி' என்பதைக் கண்டவிடத்துத் திணையைத் தீர்மானித்தாக வேண்டும் என்பது இங்கு எண்ணத்தக்கது.

நாவலின் தலைப்பும் நோக்கத்தக்கது. 'இயந்திரம்' அஃறிணைப் பெயர். 'இயந்திரா' என்னும் விளியோ 'இயந்திரன்' என்னும் ஆண்பாற் பெயர்க்கு உரிய வடிவம். உவகை, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகியவற்றால் திணை மயங்குதலை நன்னூல் வழுவமைதியாக ஏற்கும். 'இனிய' என்னும் அடை இவ்விளி உவகையால் வந்தது என்பதைக் காட்டுகிறது. இன்று கணினித் தமிழ் நிரலின் பிழையையும் 'வழு' என்றே வழங்குகிறது. தலைப்பு அன்பினால் இயந்திரத்தை உயர்திணையாக்குகிறது; கதைகூறல் 'என்றது' என இலக்கணத்தில் நிற்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட முரணிலேயே நாவலின் நகைத்திறன் அமைந்துள்ளது எனலாம்.