மக்கள் கருத்து எவருடைய கருத்து?

போர் ஓய்ந்த நாடுகள் தம் அரசியலமைப்பைத் திருத்தியெழுத முற்படும்போதெல்லாம், மக்களின் கருத்தறிந்தே எழுதுகிறோம் என்னும் வாசகம் சடங்குபோல் முன்வைக்கப்படுவதுண்டு. இலங்கையில் அவ்வாசகம் ஓரளவேனும் மெய்ப்பொருள் பெற்றது, அரசியலமைப்பு மறுசீரமைப்புக்கான மக்கள் கருத்தறியும் குழு 2016ஆம் ஆண்டு மே மாதம் அளித்த அறிக்கையில்தான். சட்டத்தரணி லால் விஜேநாயக்க தலைமையில் இருபது பேர் கொண்ட அக்குழு, மாவட்டங்கள்தோறும் அமர்வுகள் நடத்தி, ஏறத்தாழ 2,500 பேரின் கருத்துகளை நேரிற் கேட்டது. 1972, 1978 ஆகிய ஆண்டுகளின் அரசியலமைப்புகள் இரண்டும் பொதுவாக்கெடுப்பின்றியே நடைமுறைக்கு வந்தவை என்பதை அறிந்தோர், இம்முயற்சியை எளிதாகத் தள்ளிவிட மாட்டார்கள்.

அறிக்கையின் தலையாய சிறப்பு, அது கருத்து வேற்றுமைகளை மூடி மறைக்காமையே. பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கும் ஒன்பதாம் உறுப்புரையை எடுத்துக்கொள்வோம். அதனை அவ்வண்ணமே காத்தல் வேண்டும் என்பது தொடங்கி, அரசு மதச்சார்பற்றதாதல் வேண்டும் என்பது ஈறாக மாறுபட்ட கருத்துகள் எழுந்தன. ஒருமித்த முடிவுக்கு வர இயலாத குழு, ஒன்றைத் தெரிந்து மற்றவற்றை நீக்காது, மாற்று வாசகங்களை அடுத்தடுத்து வைத்தது. இதனைத் தயக்கம் என்பாரும் உளர். நேர்மை என்பதே நம் கருத்து. எனினும், நடப்பு அரசியலமைப்பின்படி அவ்வுறுப்புரையில் கைவைக்க மூன்றில் இரு பங்கு நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு பொதுவாக்கெடுப்பும் தேவை. அமர்வில் பல வாசகங்களாக விரிந்த கருத்து, வாக்குச்சீட்டில் ஆம், இல்லை என்னும் இரண்டாகச் சுருங்கியே ஆக வேண்டும். இவ்விடர்ப்பாட்டை அறிக்கை போதிய அளவு ஆராயவில்லை.

அச்சுருக்கத்தால் நேர்வது யாதென்பதற்கு இராக் சான்று. 2005 அக்டோபர் 15ஆம் நாள் வாக்கெடுப்பில், மூன்று மாகாணங்களில் மூன்றில் இரு பங்கினர் எதிர்த்தால் வரைவு வீழும் என்பது விதி. அன்பார், சலாஹுத்தீன் ஆகியவை அவ்வளவைக் கடந்து எதிர்த்தன. நினிவேயில் எதிர்ப்பு பெரும்பான்மையாக இருந்தும் மூன்றில் இரு பங்கை எட்டவில்லை. நாடு தழுவிய நிலையில் ஏறத்தாழ 78 விழுக்காட்டினர் ஆதரித்தனர் என அறிவிக்கப்பட்டு, அரசியலமைப்பு நிறைவேறியது.

இலங்கையிலோ கேட்பதாக வாக்களித்துவிட்டுக் கேளாமலே விட்ட கதையும் உண்டு. 1987ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்து, இணைப்பு நீடிப்பதைக் கிழக்கு மக்களின் வாக்கெடுப்புக்கு விட்டது. அவ்வாக்கெடுப்பு ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டது. 2006 அக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பையே செல்லாததாக்கியது. கிழக்கின் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் என்ன விடையளித்திருப்பர் என்பது அறியப்படாமலே போயிற்று. அவரவர் தலைவர்கள் அவ்விடையைத் தாமே அறிந்தவர்போல் இன்றுவரை பேசி வருவது வேறு செய்தி!

அறிக்கையின் பெருங்குறை, குரல்களுக்கு முகவரி இன்மை. 'சிலர் கருதினர்' என்னும் பாங்கிலான தொடர்களுக்குப் பின்னே நிற்பவர் எவர், எங்கிருந்து பேசுகிறார் என்பது வாசகனுக்குப் பெரிதும் தெரிவதில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் புத்தளத்தில் தங்கினர். கால் நூற்றாண்டு கழித்துப் புத்தளத்தில் எழும் அவர்தம் குரலை எந்த மாவட்டத்தின் கருத்தாகக் கொள்வது? வடக்கின் எதிர்காலம் பற்றி உரைக்க அவர்களுக்கு உரிமையில்லையா? நாம் வாழும் குமணன்சாவடிக்கு வடக்கே, புழல் காவாங்கரை முகாமில் நெடுங்காலமாக வாழ்ந்து வரும் ஈழத்தமிழரைப் பற்றியும் இதே வினா எழும். மாவட்ட அமர்வு என்னும் முறையே, போரால் இடம்பெயராத மனிதனை மனத்திற்கொண்டு அமைந்தது.

சமுதாயத்தை ஒற்றைக் குரலாகக் கொள்வதும் பிழையே. அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் பழைய சட்டங்கள் செல்லும் என்கிறது பதினாறாம் உறுப்புரை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதன் நிழலிலேயே நிற்கிறது. அவ்வுறுப்புரையை நீக்குமாறு முஸ்லிம் பெண்கள் குழுவின்முன் முறையிட்டனர். சமுதாயத்தின் தனித்தன்மைக்கு அதுவே அரண் என்று வாதிடும் அறிஞர்களும் உள்ளனர். இவ்விரண்டையும் 'முஸ்லிம்களின் கருத்து' என ஒரே தலைப்பின்கீழ் அடக்கினால், அமர்வுக்கு வந்து துணிந்து பேசிய பெண்ணே முதலில் மறைந்து போவாள்.

வல்லுநர்களின் வரைவு 2019 ஜனவரியில் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அதனைப் பேசுவார் இலர். 2020இல் வேறோர் அரசு வேறொரு குழுவை அமைத்து, மக்களிடம் மீண்டும் முதலிலிருந்து கருத்துக் கேட்டது. முந்தைய விடைகள் என்னவாயின என்பதை எவரும் அம்மக்களுக்கு உரைக்கவில்லை. 2016ஆம் ஆண்டுக் குழுவில் அமர்ந்து கேட்டவர்களுள் ஒருவரான ஹரிணி அமரசூரிய 2024இல் நாட்டின் பிரதமரானார். அவருடைய கட்சியின் தேர்தல் அறிக்கையும் 2015 முதல் 2019 வரை நடந்த பணியை நிறைவு செய்வதாக உறுதியளித்தது. அன்று 2,500 பேர் கூறியவற்றை மீண்டும் கேட்க வேண்டியதில்லை. அவை அச்சில் உள்ளன.