ஏழைகளும் ஆவியில் எளியோரும்: நற்செய்தி முரண்பாடு பற்றிய ஒரு நோக்கு

சமய நூல்களில் ஒன்றோடொன்று மாறுபடும் பகுதிகள் காணப்படுமிடத்து அவற்றை இணக்கிக் காட்டுவது உரைகாரர் வழக்கம். அவற்றைச் சுட்டி நூலையே தள்ளிவிடுவது பகுத்தறிவுவாதிகள் வழக்கம். அம்முரண்பாடு எச்சமூகச் சூழலில் தோன்றியது என்னும் வினாவை இவ்விரு சாராரும் எழுப்புவதில்லை. பேறுபெற்றோர் பற்றிய இயேசுவின் கூற்றுக்கள் இவ்வினாவின் இன்றியமையாமையைப் புலப்படுத்துவன.

லூக்கா நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் இயேசு சமதளமான ஓரிடத்தில் நின்று பேசுகிறார். ஏழைகளை நேரே விளித்து இறையரசு அவர்களுடையது என்கிறார். செல்வருக்கும் உண்டு நிறைந்தோருக்கும் கேடு கூறுகிறார். மத்தேயு 5ஆம் அதிகாரத்திலோ அவர் மலைமீது அமர்ந்து பேசுகிறார். அங்கு ஏழைகள் ஆவியில் எளியோராகவும், பசித்திருப்போர் நீதியின்மீது பசிதாகமுடையோராகவும் மாறுகின்றனர். செல்வருக்கெதிரான கண்டனம் அங்கு இடம்பெறவில்லை.

கி.பி. 400ஆம் ஆண்டளவில் நற்செய்தியாளரின் ஒருமைப்பாடு குறித்து நூலெழுதிய அகுஸ்தீனார் இச்சிக்கலை அறிந்திருந்தார். மேலே மலையில் சீடருக்கும், பின்னர் சமதளத்தில் மக்களுக்குமாக இயேசு இருமுறை பேசியிருத்தல் கூடும் என்பது அவர் தந்த விளக்கங்களுள் ஒன்று. இதனால் இடம் பற்றிய முரண் தீரலாம். ஏழை என்ற சொல்லின் பொருள் பற்றிய முரண் தீர்வதில்லை. மத்தேயுவைக் கொண்டு லூக்காவுக்கு உரை காணுமிடத்து, பசித்தவனின் வயிறு மறைந்து அவனது ஆன்மா மாத்திரமே எஞ்சுகின்றது.

1908இல் வெளிவந்த ‘கிறிஸ்தவத்தின் அடிப்படைகள்’ என்னும் நூலில் கார்ல் காவுட்ஸ்கி இவ்வேறுபாட்டை வர்க்க அடிப்படையில் விளக்கினார். ஆதிச் சபையின் வர்க்கக் குரலை லூக்கா பேண, செல்வரும் சேரத்தொடங்கிய சபைக்கேற்ப மத்தேயு அதனைத் தணித்துவிட்டார் என்பது அவர் முடிபு. முரண்பாட்டை வரலாற்றுச் சான்றாகக் கொண்டமை அவரது சாதனையாகும். எனினும் அம்முடிபை அவ்வாறே ஏற்றல் இன்று இயலாது. 1947 முதல் கும்ரானிற் கண்டெடுக்கப்பட்ட சுருள்களுள் ஒன்றான போர்ச்சுருளில், ‘ஆவியில் எளியோர்’ என்பதற்கு நிகரான எபிரேயத் தொடர் காணப்படுகின்றது. எனவே அத்தொடரைச் செல்வரின் வசதிக்காக மத்தேயு புனைந்த ஒன்றாகக் கொள்ளவியலாது. மேலும், பசித்தோருக்கு உணவளித்தமையை இறுதித் தீர்ப்பின் அளவுகோலாக்குபவரும் மத்தேயுவே (25ஆம் அதிகாரம்). ஏழைகளின் சார்பில் நிற்கும் லூக்காவோ தமது நூலைத் தெயோப்பிலு என்பாருக்கு மதிப்புறு விளியுடன் அர்ப்பணிக்கிறார்.

ஆகவே, ஒருவரைப் பாட்டாளியாகவும் மற்றவரைத் திரிபுவாதியாகவும் கொள்வது இயங்கியல் நோக்காகாது. அகுஸ்தீனார் இரு குரல்களை ஒன்றாக்கினார். காவுட்ஸ்கி ஒன்றை மெய்யாகவும் மற்றதை அதன் சிதைவாகவும் கொண்டார். கொரிந்து நகரச் சபையின் பொதுவிருந்தில் ஒருவர் பசித்திருக்க மற்றவர் வெறித்திருந்ததைப் பவுல் கண்டிக்கிறார். ஆதிச் சபைகளுக்குள்ளேயே உள்ளவரும் இல்லாதவரும் இருந்தமைக்கு இது சான்று. இத்தகைய சபைகளில் ஏழை என்பவர் யார் என்பது ஓயாத வினாவாகவே இருந்திருத்தல் வேண்டும்.

குஸ்தாவோ குத்தியேரஸ் 1971இல் எழுதிய விடுதலை இறையியல் நூலில், பொருள்சார் வறுமையைப் புனிதப்படுத்துவதை மறுத்தமை ஈண்டு மனங்கொளத்தக்கது. வறியவனிடம் ஆவியின் எளிமையைப் போற்றுவோர் யார், எந்நோக்குடன் போற்றுகின்றனர் என்பது இன்றும் கேட்கப்படவேண்டிய வினா. முரண்பாட்டை இணக்கிவிட்டால் அவ்வினாவும் உடன்மறைந்துவிடும். இரு பகுதிகளையும் அவற்றின் வேறுபாடு புலப்படுமாறே வாசிப்பதுதான் விமரிசகனின் கடமையாகும்.