கொல்லையில் ஒரு சாமான் அறை

செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் பர்மா தேக்குத் தூண்களிலும் ஆத்தங்குடித் தரையிலும் சொக்கி நின்றுவிடுகிறார்கள். எனக்கோ அங்கே சாமான் வைத்திருக்கும் நேர்த்திதான் பிடிக்கும். வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றி, மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அது பெரும்பாலும் சீர் சாமானுக்கு. ஆட்கள் படுப்பது வெளியே, காற்றாடுகிற இடத்தில்.

காரைக்குடியில் கொல்லைப்புறம் மண்வெட்டிக்கும் உரமூட்டைக்கும் ஒரு கொட்டகை போட நினைப்பவர்கள் இந்த வீடுகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். தரையை இரண்டு படி உயர்த்திவிட்டால் ஐப்பசி மழை உள்ளே வராது. வாசலுக்கு நேரெதிரே ஒரு சன்னல் வேண்டும். மரப்பலகையைக் கரையான் விடாது, தட்டுக்குக் கடப்பைக் கல் போதும்.

கூரையில்தான் விஷயமே இருக்கிறது. தகரம் போட்டால் சித்திரை வெயிலில் விதையெல்லாம் வெந்துபோகும். நாட்டு ஓடு போடுங்கள். ஒரு வரிசையை மல்லாத்தி, அவற்றின் விளிம்புகளின்மேல் அடுத்த வரிசையைக் கவிழ்த்து, அடுக்கடுக்காக வேய்வார்கள். மல்லாந்த ஓடு வாய்க்காலாகித் தண்ணீரை இறக்கிவிடும். அடுக்குகளுக்கு இடையே நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும். வாங்கும்போது ஒவ்வோர் ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நன்றாக வெந்த ஓடு. மொத்தென்றால் விரிசலோ வேகாததோ. பின்னால் ஒன்று உடைந்தாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், குரங்கு வரும் தெருவில் இது சின்ன விஷயமல்ல. இறவாரத்தை ஒன்றரை அடி நீட்டிவிட்டால் சுவரும் நனையாது, ஏணியும் அதன் கீழேயே படுத்துக்கொள்ளும்.