பொருட்பாலும் ஜனாதிபதி ஆசனமும்

ஆளுகின்றவருக்குச் சூழ்ச்சித் திறன் வேண்டும் என்பது நம் நாட்டில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட சித்தாந்தமாகிவிட்டது. ஒரு ஜனாதிபதியைப் புகழ வேண்டுமானால் ‘சாணக்கியர்’ என்கிறார்கள். இகழ வேண்டுமானால் ‘நரி’ என்கிறார்கள். இரண்டு சொற்களும் ஒரே குணத்தையே சுட்டுகின்றன என்பதை எவரும் கவனிப்பதில்லை. பல்லேபொல போன்ற ஓர் ஊரிலிருந்து கொழும்பை நோக்கும் நமக்கு அந்தச் சாணக்கியத்தின் விலை, வயலுக்கும் பலசரக்குக் கடைக்கும் வந்து சேர்ந்த பிறகே தெரிகிறது. இந்நிலையில் தமிழ் கற்றோர் சிலரும் திருக்குறளைத் துணைக்கழைத்து, வள்ளுவரும் அரசியல் தந்திரத்தைத்தானே போதித்தார் என மேடைகளில் முழங்குகின்றனர். இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்தல் தகும்.

பொருட்பாலின் 70 அதிகாரங்களில் முதல் 25 அதிகாரங்களைப் பரிமேலழகர் அரசியல் என வகுத்தார். அவற்றின் நடுவே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என ஆறு அதிகாரங்கள் தொடர்ந்து வருகின்றன. ஆறும் அறிதலைப் பற்றியவை. ஒற்றாடல் என்றோர் அதிகாரமும் உண்டே எனக் கேட்கலாம். உண்டு, துறவி வேடம் பூண்ட ஒற்றனையும் வள்ளுவர் அறிவார். அவர் உலகறியாத உபதேசி அல்லர். எனினும் ஒற்றனும் அவருக்கு நாட்டு நடப்பை அறியும் கண்ணே. செயல்வன்மை என்று அவர் கருதியது, தன் வலியின் எல்லையையும் சூழ்ந்திருப்போரின் தரத்தையும் பிழையின்றி மதிப்பிடும் ஆற்றலையே.

இந்த அளவுகோலை முதலில் நம் நாட்டின் பெயர்பெற்ற ‘நரி’யிடம் வைத்துப் பார்ப்போம். 1977இல் ஜே. ஆர். ஜயவர்தனவின் கட்சி 168 ஆசனங்களில் 140 ஆசனங்களைப் பெற்றது. 1978 பெப்ரவரி 4ஆம் திகதி அவர் நிறைவேற்று ஜனாதிபதியானார். 1980 யூலை வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட பல்லாயிரம் தொழிலாளர் வேலை இழந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை பறிக்கப்பட்டது. தம் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத பதவிவிலகற் கடிதங்களை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். 1982 டிசம்பர் 22ஆம் திகதிய சர்வசன வாக்கெடுப்பு, தேர்தலே இன்றிப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டு நீட்டியது. ஒவ்வொரு நகர்வும் சதுரங்கக்காரன் வியக்கத்தக்கது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எதிர்ப்பதற்கான சட்டபூர்வமான வாயில்களை ஒவ்வொன்றாக அடைத்தவர், எதிர்ப்பு அதனால் மறைந்துவிடும் என்று எண்ணினார் போலும். 1983 யூலையும் அதன்பின் வடக்கிலும் தெற்கிலும் ஓடிய குருதியும் அந்தக் கணக்கின் விடைகள். 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் மனித எலும்புகள் வெளிப்பட்டபோது இம்மாவட்டத்துப் பெற்றோர் பலர் நினைத்தது 1989ஐ ஒட்டிய அந்த ஆண்டுகளையே. மயிலிறகுதானே என்று அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வலியறிதல் அதிகாரத்து உவமை. ஜயவர்தன மயிலிறகு ஏற்றுவதில் நிபுணர். அச்சைப் பற்றி அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

கோத்தாபய ராஜபக்ஷவின் கதை வேறு. 2019 நவம்பரில் 69 இலட்சம் வாக்குகளுடன் வந்தவர், 2022 யூலை 13ஆம் திகதி நாட்டை விட்டே வெளியேறினார். தேர் கடலில் ஓடாது, கப்பல் தரையில் ஓடாது என்கிறது இடனறிதல். படைத்துறைப் பழக்கத்தை அப்படியே சிவில் நிருவாகத்துக்குக் கொண்டுவந்து, கட்டளையிட்டால் காரியம் நடக்கும் என நம்பியவர் அவர். 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியால் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளை நல்லதா தீயதா என்பது இங்கு வினா அன்று. நெற்பயிர் வர்த்தமானியைப் படித்துவிட்டு வளர்வதில்லை என்பதை வயலில் இறங்கும் எந்த விவசாயியும் கூறியிருப்பார், கூறவும் செய்தனர். நவம்பரில் தடை கைவிடப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. டிசம்பரில், உணவுத் தட்டுப்பாடு வரலாம் என எச்சரித்த விவசாய அமைச்சின் செயலாளர் பதவி நீக்கப்பட்டார். செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்பையும், இடித்துரைப்போர் இல்லாத மன்னன் பகைவர் இன்றியே கெடுவான் என்பதையும் குறள் கூறுகிறது. இவற்றை நாம் வகுப்பில் ஒழுக்க போதனையாகவே நடத்திவிடுகிறோம். அவை அரிசி விலையைப் பற்றியவை என்பதை 2022 கற்பித்தது.

சுற்றந்தழால் என்ற அதிகாரத்தைக் காட்டிக் குடும்ப ஆட்சிக்கு நியாயம் தேடுவாரும் உளர். 2021 யூலையில் ஓர் உடன்பிறப்பு பிரதமர், இன்னொருவர் நிதியமைச்சர், மூத்தவரும் மருகரும் அமைச்சரவையில் என்ற காட்சியை நாம் கண்டோம். வள்ளுவர் உறவினரைத் தழுவச் சொன்னது மெய்யே. ஆனால் அதற்கு முன்னே தெரிந்துதெளிதல் நிற்கிறது. அன்பை மட்டுமே ஆதாரமாகக்கொண்டு அறிவற்றவரை நம்புதல் எல்லாப் பேதைமையையும் தரும் என்று அது முன்னரே எச்சரித்துவிடுகிறது. அதிகார வைப்புமுறையை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பெயர்த்தெடுப்பது பண்டிதத்துக்கு அழகன்று.

சாணக்கியர் என்று எவரும் சொல்லத் துணியாத ஒருவரையும் குறிப்பிட வேண்டும். பெரும்பான்மையினத்தை மரமென்றும் ஏனையோரைக் கொடியென்றும் கூறிய டி. பி. விஜேதுங்கவைத் தமிழர் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. ஆயினும் 1994 ஓகஸ்டில் எதிரணி வென்றபோது சந்திரிகாவைப் பிரதமராக நியமித்து, நவம்பரில் அமைதியாக ஒதுங்கினார் அவர். 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி பிரதமரை நீக்கிப் பாராளுமன்றத்தையும் கலைத்த மைத்திரிபால சிறிசேனவோ, டிசம்பர் 13ஆம் திகதி உயர்நீதிமன்றத்தின் ஏகமனதான தீர்ப்பினால் தம் வலியின் எல்லையை அறிந்துகொண்டார்.

இவ்வளவும் கூறியபின் பொருட்பாலின் எல்லையையும் கூறியே ஆகவேண்டும். அது மன்னனின் செவிக்கு உரைத்த நூல். மன்னன் கேளாவிட்டால் குடிகள் என்ன செய்வது? துன்பம் தாளாது அழுதவரின் கண்ணீரே அவன் செல்வத்தைத் தேய்க்கும் படை என்பதற்கு அப்பால் அந்நூல் செல்லவில்லை. முடியுடை வேந்தர் காலத்துச் சமுதாயத்தில் அதற்கு மேல் செல்வதும் அரிது. 2022 யூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்த மக்களை வள்ளுவர் கற்பனை செய்திருக்க முடியாது. எனவே இந்நூலை ஆள்வோருக்கான அறிவுரையாக இனியும் படிப்பதில் பயனில்லை. வாக்களிப்பவன் தன் கையில் வைத்து ஆள்வோரை அளக்கும் கோலாகவே அதைப் படிக்கவேண்டும். வரிசை மாறாது, படிப்பவர் மாறுகிறார்.

2024 செப்டெம்பரில் ஜனாதிபதியான அநுர குமார திசாநாயக்கவையும் இக்கோலால் அளப்பதே முறை. அவர் இம்மாவட்டத்துக் கலேவெலவில் பிறந்தவர் என்பது விலக்களிக்கக் காரணமாகாது. முந்திய பாராளுமன்றத்தில் மூன்றே ஆசனங்கள் கொண்டிருந்தவர்கள், பதவியேற்ற மறுநாளே அதனைக் கலைத்து, நவம்பர் 14ஆம் திகதி 225இல் 159ஐ வென்றனர். காலமறிதலுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அண்மைக்காலத்தில் இல்லை. அவர்களுடைய விஞ்ஞாபனம் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாகவும் கூறிற்று. 1994இலும் 2005இலும் 2015இலும் வென்றவர்களும் அவ்வாறே கூறியிருந்தனர். பொருட்பால் கற்பிக்கும் ஆசிரியர் 1977இன் 140ஐயும் 2024இன் 159ஐயும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டு, வலியறிதல் அதிகாரத்தை மாணவரைக் கொண்டே வாசிக்கச் செய்யலாம். பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்பார்கள். ஒரு பாடவேளை போதும்.